மூன்று நாள் ஒளித்து வைத்த இசைத்தட்டுகள்

பிள்ளைகளே, லிபெர்த்தா வீதி வீடொன்றில் அப்பாவுக்கு வேலை போகப் பார்த்த கதையை அம்மா சிரித்துச் சிரித்துச் சொல்லியிருப்பாள். நடந்ததை நானே எழுதிவைக்கிறேன்.

அந்த வீட்டில் வயதான இத்தாலியக் கணவனும் மனைவியும். ஐயாவைத் தூக்கி இருத்துவதும் குளிக்க வார்ப்பதும் என் வேலை. அவரிடம் ஒரு பெட்டி நிறையச் சின்ன இசைத்தட்டுகள் இருந்தன. பக்கத்துக்கு ஒரு பாட்டு. எண்பதுகளின் தொடக்கத்தில் விற்பனைப் பட்டியலில் முதலாம் இடத்துக்கு வந்தவை மட்டும்தான். இரண்டாம் இடத்தில் நின்றது எவ்வளவு நல்ல பாட்டென்றாலும் வாங்கமாட்டாராம். எத்தனை கிழமை முதலாவதாக நின்றது என்று உறையில் பென்சிலால் எழுதியிருப்பார். மத்தியானம் சாப்பிட்டதும் ஒன்றைப் போடச் சொல்லுவார். எல்லாம் துள்ளல் பாட்டு. அவர் மனைவி, நான் சிஞ்ஞோரா என்று கூப்பிடுபவர், கோப்பை கழுவியபடி கூடப் பாடுவார்.

ஒரு மாசியில் ஐயா இறந்துபோனார். அடக்கம் முடிந்த கையோடு, யாரும் சொல்லாமலே, பெட்டியைச் சாமான் அறையின் மேல்தட்டில் ஏற்றிவிட்டு, பிளேயரை வெள்ளைத் துணியால் மூடினேன். நம்மவர் வீட்டில் சாவு விழுந்தால் முப்பத்தோராம் நாள்வரை ரேடியோகூடப் போடமாட்டோம். இதையும் கேட்டுத்தான் செய்ய வேண்டுமா என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் அவர்களுடைய மகள் வந்தாள். "அப்பான்ரை பெட்டி எங்கை? அதுக்கு நல்ல விலை வரும் எண்டு உனக்கு ஆர் சொன்னது?"

கள்ளன் என்று அனுப்பினால் வேலை ஒப்பந்தம் போகும். ஒப்பந்தம் இல்லாமல் பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க முடியாது. நாங்கள் நாலு பேரும் அந்த ஒரு தாளில்தான் நின்றோம். குசினிக்குள் போய் உங்கள் அம்மாவுக்குப் போன் எடுத்தேன்.

"செத்த வீட்டிலை ஆரப்பா ஆட்டப் பாட்டுப் போடுறது? நீங்கள் செய்தது சரிதானே."

"இஞ்சை அது களவாம்."

"நீங்களோ களவெடுக்கிறது? கபோச் சந்தையிலை அழுகல் தக்காளி தந்தாலும் கிராசியே எண்டு நன்றி சொல்லிப்போட்டு வாற மனிசன்! போய் வாயைத் திறந்து கதையுங்கோ."

பெட்டியை இறக்கிவந்து, தெரிந்த இத்தாலியனில் காரணத்தைச் சொன்னேன். மகள் நம்பினாளோ தெரியாது. கறுப்பு உடுப்போடு இருந்த சிஞ்ஞோராதான் எழும்பி வந்தார்.

"முப்பத்தொரு நாளோ? அவ்வளவு நாளும் நான் ஆரோடை இருக்கிறது?"

அவரே ஒரு தட்டை எடுத்து நீட்டினார். பதினொரு கிழமை என்று எழுதியிருந்தது. போட்டேன். காலால் தாளம் போட்டபடி அழுதார், நடுவில் சிரித்தும்விட்டார். நான் நிற்பதா, இருப்பதா, வெளியே போவதா என்று விளங்கவில்லை. மகள் தாயின் தோளைப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்க்காமலே, "நாளைக்கும் வா" என்றாள்.

வேலை தப்பியது. ஆனால் நான் செய்தது ஐயாவுக்கு மரியாதையா, சிஞ்ஞோராவுக்குக் கொடுமையா என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

அன்று தாயும் மகளும் படுக்கப் போனபிறகு, நான் வெளிக்கிடுமுன், அந்தத் தட்டையே திரும்ப வைத்து, சத்தத்தை முழுதாகக் குறைத்துவிட்டு ஊசியை இறக்கினேன். ஊசி மட்டும் நுளம்பு மாதிரி அந்தப் பாட்டை முணுமுணுத்தது. குனிந்து காதைக் கிட்டே வைத்து, முடியும்வரை கேட்டேன்.