முடிவுகள் எதுவும் இல்லை

மருந்து நிறுவனத்தில் அவளுக்கு வைத்திருந்த பெயர் துருவி. அவள் முகத்துக்கு நேராகவே அப்படிக் கூப்பிடுவார்கள். அவளும் திரும்பிப் பார்ப்பாள். ஆய்வகத்தில் புது மூலக்கூறு ஒன்று செய்தால், அதை உலகத்தில் வேறு யாரும் முன்பே செய்திருக்கிறார்களா என்று தரவுத்தளங்களில் தேடிச் சொல்வது அவள் வேலை. யாரும் செய்ததில்லை என்று அவள் சொன்னால்தான் காப்புரிமைக்கு விண்ணப்பம் போகும்.

இந்த முறை வந்தது சொந்த அக்காவின் மூலக்கூறு. மேல்மாடி ஆய்வகத்தில் அக்கா பல வருஷம் உயிரைக் கொடுத்துச் செய்தது. வேறு யாராவது தேடட்டும் என்று துருவி சொல்லிப் பார்த்தாள். வேறு ஆள் இல்லை என்று மேலாளர் கையை விரித்துவிட்டார்.

அக்கா வரைந்து அனுப்பிய படத்தை அப்படியே போட்டுத் தேடினாள். முடிவுகள் எதுவும் இல்லை என்றது திரை. அக்காவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "அறிக்கைய இன்னிக்கே அனுப்பிடு. அம்மாகிட்டகூடச் சொல்லிட்டேன்" என்றாள் போனில்.

துருவிக்கு மனசு ஒப்பவில்லை. ஓரங்களை வெட்டிவிட்டு, நடு வளையத்தை மட்டும் வைத்துத் தேடினாள். அதே வளையம் உள்ள வேறு மூலக்கூறுகள் சிலவாவது வந்திருக்க வேண்டும்; அப்போதும் ஒன்றுமில்லை. ஒன்றுவிட்ட சொந்தம்கூட இல்லாத மாப்பிள்ளையை யார் நம்புவார்கள்? தான் கேட்ட விதத்தில்தான் கோளாறு என்று உறைத்தது.

அந்த வளையத்தில் ஒட்டியிருக்கும் ஆக்சிஜனில் ஒரு ஹைட்ரஜன் இருக்கிறது. அது ஓர் இடத்தில் நிற்காது. பக்கத்து நைட்ரஜனுக்குத் தாவும், திரும்பி வரும். பொருள் ஒன்றுதான், வரைகிற படம் இரண்டு. அந்தத் தரவுத்தளமோ வரைந்ததை வரைந்தபடியே தேடும். வேறு யார் படமாக இருந்தாலும் இரண்டு விதமாகவும் வரைந்து பார்த்திருப்பாள். அக்கா செய்தால் சரியாகத்தான் இருக்கும் என்பது சின்ன வயதிலேயே ஊறிப்போன பழக்கம். தன் மேலேயே எரிச்சல் வந்தது.

ஹைட்ரஜனை இடம் மாற்றினாள். இரட்டைப் பிணைப்பையும் தள்ளிப் போட்டு, வளையத்தை மறுபடி தேடினாள். சொந்தபந்தமெல்லாம் கூட்டமாக வந்து நின்றது. முழுப் படத்தைப் போட்டாள். ஒரே ஒரு பழைய கட்டுரை. அணுவுக்கு அணு அதே மூலக்கூறு. இன்னொரு முறை சரிபார்த்து, அறிக்கையை எழுதி முடித்துவிட்டு மாடி ஏறினாள்.

அக்கா நின்றபடியே கட்டுரையைப் படித்தாள். முகம் வெளுத்துப்போனது.

"இது வேற யாருக்குத் தெரியும்?"

"மேலாளருக்கு அனுப்பிட்டுத்தான் வந்தேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு அனுப்பக் கூடாதா?"

"உன் முகத்தப் பாத்திருந்தா அனுப்பியிருக்க மாட்டேன்க்கா."

அக்கா கையுறைகளை உருவிக் குப்பைத் தொட்டியில் எறிந்தாள். பிறகு கணினிக்கு முன்னால் இருந்த நாற்காலியைத் தங்கை பக்கம் இழுத்துவிட்டாள்.

"பொருள் போனா போகுது. அதச் செய்யற வழியாவது புதுசான்னு பாக்கணும். உக்காரு, தேடு. என் மூஞ்சியப் பாக்காம தேடு."