முகத்துவாரம் வெட்டுமுன்

தன்னாமுனைக்காரி மக்டலின், பல்கலைக்கழகத்தில் தற்காலிக விரிவுரையாளர். தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு மார்கழியோடு தவணை முடிகிறது. ஆய்வு ஒன்று கையில் இருந்தால் நீட்டிப்பார்கள். இல்லையென்றால் வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

ஆய்வென்று அவள் பிடித்தது ஊரே சண்டைபிடிக்கிற விசயம். மாரிமழைக்கு வாவி பெருகினால், கடலுக்கு வழிவிட முகத்துவாரத்தை வெட்டவேண்டும். பிந்தி வெட்டினால் வட்டை வயலில் நெல் அழுகும்; முந்தி வெட்டினால் இறால் கடலுக்கு ஓடிவிடும். வயல்காரர், மீன்காரர் ரெண்டு பேருக்கும் நட்டம் குறைந்த நாள் எது? அதைச் சொல்ல, வெட்டுவதற்கு முன்னும் பின்னும் வவுணதீவுக் கரையில் தண்ணீரின் உப்பை அளக்கவேண்டும். உப்பளக்கும் கருவிக்கு நாலு பற்றரி. இராணுவச் சோதனைச்சாவடி தாண்டி இயக்கத்தின் பக்கம் பற்றரி கொண்டுபோகத் தடை. துறைத்தலைவரின் கடிதம் இருந்தால் விடுவார்கள்.

ஆய்வு விண்ணப்பத்தில் துறைக்கு ஒரேயொரு கட்டம். அவள் இரண்டு துறையையும் நெருக்கி எழுதிக் கொடுத்தாள்.

"இறாலுக்கு நான் கையெழுத்து வைக்கலாம். நெல்லுக்கு நான் எப்பிடிப் பொறுப்பு நிக்கிற?" என்றார் விலங்கியல் வினாயகமூர்த்தி.

விவசாயத்தில் அழகரத்தினம் சிரித்தார். "நெல் எங்கட பிள்ளைதான். இறாலையும் கூட்டிக்கொண்டு வந்தா எங்க படுக்கவைக்கிற, மிஸ்?"

"ரெண்டும் ஒரே தண்ணியிலதானே சேர் கிடக்கு!"

"தண்ணியெண்டா புவியியலுக்குப் போங்க."

மழை பிடித்துக்கொண்டது. சுற்றித் திரிந்து, கடிதம் கடைசியில் வினாயகமூர்த்தியின் மேசைக்கே வந்து பதினாறு நாள் கிடந்தது. அவள் தினமும் போனாள். தினமும் "நாளைக்கு" என்றார்கள். பதினேழாம் நாள் கையெழுத்து விழுந்தது, ஏன் விழுந்தது என்று யாருக்கும் தெரியாது.

மறுநாள் விடிய சாவடியில் நின்றாள். சிப்பாய் பற்றரிகளை ஒவ்வொன்றாய் உருட்டிப் பார்த்தான், கடிதத்தைத் தலைகீழாகப் பிடித்து முத்திரையைப் பார்த்தான், ஒரு மணித்தியாலம் நிறுத்திவைத்துவிட்டு, "போங்க" என்றான்.

கரையில் கதிர்காமத்தம்பி நின்றார். அவருடைய வட்டை ஓரத்தில்தான் அவள் அளப்பதாக ஏற்பாடு. மனிசனுக்கு முகமெல்லாம் பல்.

"தெரியாதா புள்ள? நேத்துப் பின்னேரம் வெட்டியாச்சு! தண்ணி இறங்குது பாருங்க. என்ர வெள்ளாமை தப்பிட்டுது!"

அவர் சந்தோசத்தில் அவளால் கோபிக்கவும் முடியவில்லை. இருந்தும் கருவியைத் தண்ணீரில் விட்டு எண்ணை எழுதினாள். 'பின்' என்ற பத்தி நிறைந்தது. 'முன்' வெறுமையாய்க் கிடந்தது.

தவணை நீட்டிப்பைப் பார்க்கிற குழுவில் வினாயகமூர்த்தியே கேட்டார்: "முந்தின அளவு எங்க, மிஸ்?"

"உங்கட மேசையில, சேர். பதினாறு நாள்."

யாரோ இருமினார்கள். அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, "அளவு கிடக்கட்டும். நெல்லை எடுத்துப்போட்டு இறாலை மட்டும் வையுங்க. தவணையை நீட்டலாம்" என்றார்.

விண்ணப்பத்தை அலுவலகத்துக்குக் கொண்டுவந்தாள். இலிகிதர் நஸீறா பேனையை நீட்டினாள். "ஒரு கோடுதானே மிஸ்."

"பாதியை வெட்டினா மிச்சப் பாதிக்கு என்ன அர்த்தம், நஸீறா?"

"அர்த்தம் ஆரு கேட்ட மிஸ்? கையெழுத்துத்தானே கேட்ட."

மக்டலின் நெல்லின் மேல் கோடு போட்டாள். நீட்டிப்புக் கடிதம் அடுத்த நாளே வந்தது.