ஆபரேட்டரின் கவனக்குறைவால்

வேலம்பாளையத்துக் கன்னையனிடம் பொறுமை உண்டு. பணிவு உண்டு. யாரைப் பார்த்தாலும் பேச்சுக்குப் பேச்சு ‘ங்க’ போடுகிற வாய் உண்டு. செய்யாத தப்பை ஒப்புக்கொள்கிற குணம் மட்டும் கிடையாது. ஒரு காலத்தில் அதுவும் இருந்தது. பட்ட பிறகு விட்டுவிட்டார்.

பட்டது பத்தொன்பதாவது வயதில், வீரபாண்டியில் ஒரு சாயப்பட்டறையில். ஒருநாள் நீலத்தில் போட்ட துணி முழுக்கத் திட்டுத்திட்டாக வெளியே வந்தது. சாயத்தை நிறுத்துக் கொடுத்தவர் முதலாளியின் மச்சான். மச்சானை எப்படிக் கேட்பது? ‘நான்தான் தப்பாக் கலக்கிட்டேன்னு சொல்லிரு கண்ணு, உன்னை ஒண்ணும் பண்ண மாட்டோம்’ என்றார்கள். அவரும் நம்பிச் சொன்னார். மறுநாள் வேலை போனது. அதோடு விட்டதா? ‘சாயத்தைக் கெடுத்தவன்’ என்ற பேர் அவருக்கு முன்னாலேயே ஒவ்வொரு பட்டறைக்கும் போய் உட்கார்ந்துகொண்டது. இரண்டு வருஷம் யாரும் சேர்க்கவில்லை. கடைசியில் அண்ணமார் தியேட்டரில் டிக்கெட் கிழிக்கச் சேர்ந்து, ரீல் சுற்றப் பழகி, பரீட்சை எழுதி ஆபரேட்டர் லைசென்ஸ் வாங்கினார். அவருக்கென்று இருக்கிற சொத்து அந்த லைசென்ஸ்தான்.

இரண்டாயிரத்து நாலில் தியேட்டருக்கு டிஜிட்டல் சவுண்டு வந்தது. படச்சுருளின் ஓரத்தில் புள்ளிபுள்ளியாகக் குறி இருக்கும். புரொஜக்டரில் பொருத்திய ஒரு கண் அதைப் படித்துச் சொல்ல, பக்கத்துப் பெட்டியில் சுழலும் சிடித் தட்டிலிருந்து சத்தம் வரும். எல்லாம் ஒழுங்காக இருந்தால் பெட்டியில் பச்சை விளக்கு எரியும். எங்காவது தடங்கினால் சிவப்புக்கு மாறி, சவுண்டு பழைய ஒற்றை ஸ்பீக்கருக்குத் தாவிவிடும். நாலு பக்கமும் இடித்த மழை திடீரென்று திரைக்குப் பின்னால் மட்டும் தூறினால் காசு கொடுத்தவன் சும்மா இருப்பானா? ‘டேய் ஆபரேட்டர்’ என்று விசில் பறக்கும். தியேட்டரில் எது கெட்டாலும் திட்டு வாங்குவதற்கென்றே ஒரு பேர் இருக்கிறது, அது ஆபரேட்டர்.

வந்த மூன்றாம் மாதம் சிவப்பு விளக்கு எரிய ஆரம்பித்தது. பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் எரியும், தானே சரியாகும். கன்னையன் புரொஜக்டரின் கண்ணை மெல்லிய பிரஷ்ஷால் துடைத்தார். வயரை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினார். தட்டை மாற்றிப் போட்டார். ஒன்றும் பலிக்கவில்லை. பொருத்திய கம்பெனிக்குச் சொல்லி அனுப்பினார்கள். சென்னையிலிருந்து பிரதீப் என்ற இன்ஜினியர் வந்தார். அவருக்கு ஞாயிற்றுக்கிழமைதான் தோது, காலை ரயிலில் வந்து ராத்திரி ரயிலில் போவார். மூன்று ஞாயிறு வந்தார். மூன்று ஞாயிறும் பெட்டி பச்சையாகவே எரிந்து அவரைப் பார்த்துச் சிரித்தது. அவர் போன மறுநாள் மேட்னியில் பழைய குருடி கதவைத் திறடி.

மூன்றாம் தடவை பிரதீப்பின் பார்வை மூலையில் கிடந்த பனியன் வேஸ்ட் மூட்டையில் விழுந்தது. திருப்பூரில் இந்தத் துணிக்கழிவு இல்லாத இடம் கிடையாது. சைக்கிள் துடைக்க அதுதான், டீக்கடை மேஜை துடைக்க அதுதான். இங்கே புரொஜக்டரின் எண்ணெயைத் துடைக்க வைத்திருந்தது. அதில் கண்ணைத் துடைத்துத்தான் பஞ்சு ஒட்டியிருக்கும் என்று பிரதீப் முடிவுகட்டினார். கண்ணுக்கு வேறே பிரஷ் என்று கன்னையன் எடுத்துக் காட்டினார். காட்டி என்ன பிரயோஜனம்? தவறாகக் கையாண்டது நான்தான் என்று ஆபரேட்டரே எழுதிக் கொடுத்தால் கம்பெனி பேர் கெடாது, வேறு பெட்டி தரும், ஆனால் ஆளை மாற்ற வேண்டும் என்று முதலாளி சிவராஜிடம் சொல்லிவிட்டு இன்ஜினியர் ரயிலேறினார்.

சிவராஜுக்கு இது சுலபமாகப்பட்டது. ஒரு கையெழுத்து, ஒரு புதுப் பெட்டி. ஆள்தானே, இன்னொருத்தன் கிடைப்பான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை இன்ஜினியர் வருவதற்குள் கையெழுத்துப் போடச் சொல்லிக் கடிதத்தைக் கையில் கொடுத்தார். அது போதாதென்று டிக்கெட் கவுண்டர் சுவரில் ஒரு நோட்டீசையும் மைதாப் பசை தடவி ஒட்ட வைத்தார். ‘ஆபரேட்டரின் கவனக்குறைவால் சவுண்டில் ஏற்படும் தடங்கலுக்கு வருந்துகிறோம். நிர்வாகம்.’ கன்னையன் தினமும் அதைத் தாண்டித்தான் படியேற வேண்டும்.

கடிதத்தை வீட்டில் மனைவி மயிலாளிடம் காட்டினார். அவர் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பார்ப்பவர், துணியில் ஓட்டை இருந்தால் யார் மிஷின் என்று கண்டுபிடிக்காமல் விடமாட்டார். படித்துவிட்டு நாலாக மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

“இதுல கையெழுத்துப் போட்டுட்டு ஊட்டுக்கு வந்துறாதீங்க. வேலை போனா போகுட்டுங்க, நான் ஒன்னரை ஷிப்டு பார்த்துக்கறனுங்க.”

அன்றிலிருந்து சிவப்பு எரியும் நேரத்தையெல்லாம் கன்னையன் பென்சிலால் சுவரில் எழுதினார். வியாழக்கிழமை மேட்னியில் ஒரு சங்கதி கண்ணில் பட்டது. நாலே முக்காலிலிருந்து ஐந்து வரை விளக்கு அசையாமல் பச்சை. நேற்றும் அதே நேரம், முந்தாநாளும் அதே நேரம். ஜன்னல் வழியே கீழே பார்த்தார். டீக்கடையில் அயர்ன் மாஸ்டர் ஆத்தப்பனும் அவர் ஆட்களும் வேர்வையோடு நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். தியேட்டரின் பழைய சைக்கிள் ஸ்டாண்டை அடைத்து சிவராஜ் தன் பனியன் கம்பெனிக்கு அயர்னிங் செக்‌ஷன் போட்டிருந்தார், அங்கே வேலை பார்ப்பவர்கள். டம்ளரை வைத்துவிட்டு உள்ளே போனார்கள். இரண்டு நிமிஷத்தில் சிவப்பு.

கன்னையன் சுவரில் எழுதியதை மறுபடியும் ஓட்டிப் பார்த்தார். ஷிப்டு முடிகிற எட்டரைக்குப் பிறகு சவுண்டு சுத்தம். கம்பெனிக்கு லீவான ஞாயிற்றுக்கிழமை நாள் முழுக்கச் சுத்தம். இன்ஜினியர் வருவதும் ஞாயிற்றுக்கிழமை. மாடிப்படிக்குக் கீழே போய்ப் பார்த்தார். சவுண்டு பெட்டிக்கு வருகிற அதே லைனிலிருந்து ஒரு தடித்த வயர் பின்பக்கம் போனது. அயர்ன் பெட்டிகளுக்கு ஆவி கொடுக்கிற பாய்லரின் ஹீட்டர் சூடு பிடிக்கும்போதெல்லாம் கரண்டை உறிஞ்சியது. புரொஜக்டருக்கு வேறு லைன், அதனால் படத்துக்குக் குறைவில்லை. தட்டுச் சுழற்றும் பெட்டிதான் மயங்கி மயங்கி விழுந்தது.

முதலாளியிடம் போய்ச் சொன்னார். மின்வாரியத்தைக் கேட்காமல் கொள்ளாமல் இழுத்த லைன், அதைப் பற்றிப் பேச்செடுப்பதே சிவராஜுக்குப் பிடிக்கவில்லை. பாய்லருக்கும் பாட்டுக்கும் என்ன சம்பந்தம், நாயம் பேசாமல் கையெழுத்தைப் போடு என்று எழுந்து போனார். ஞாயிற்றுக்கிழமை கம்பெனி ஓடாது, இன்ஜினியருக்கு முன்னால் நிரூபிக்க வழியில்லை. நடந்ததெல்லாம் வீரபாண்டி மாதிரியே நடந்துவிடுமோ என்று கன்னையன் பயந்துதான் போனார்.

சனிக்கிழமை சாயங்காலம் டீக்கடையில் ஆத்தப்பன் புலம்பினார். திங்கட்கிழமை கண்டெய்னர் போகிறதாம், நாளைக்கு லீவு கிடையாதாம். அவர் டீக்குக் கன்னையன் காசு கொடுத்தார், எதற்கென்று ஆத்தப்பனுக்குப் புரியவில்லை.

ஞாயிறு மேட்னி ஹவுஸ்ஃபுல். ஆபரேட்டர் ரூமில் பிரதீப் பேனாவோடு நின்றார், பக்கத்தில் சிவராஜ். கன்னையன் இன்ஜினியரிடம் ஒன்றே ஒன்று கேட்டார், பெட்டியின் பிளக்கில் மீட்டரை வைத்துவிட்டு ஒரு ரீல் பாருங்கள் என்று. பத்தாவது நிமிஷம் மீட்டர் முள் இருநூற்று இருபதிலிருந்து நூற்றெழுபதுக்கு விழுந்தது. சிவப்பு எரிந்தது. கீழேயிருந்து ‘டேய் ஆபரேட்டர்’ கிளம்பியது. மூன்று ஞாயிறாக வந்தவர் அன்றைக்குத்தான் அதைக் கண்ணால் பார்த்தார்.

ரீல் மாற்றினதும் கன்னையன் படியிறங்கிப் போய் அயர்னிங் செக்‌ஷனின் மெயின் சுவிட்சைக் கீழே இழுத்து, அதன்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். பின்பக்கம் பாய்லர் அடங்கியது. பின்னாலேயே இறங்கி வந்த சிவராஜுக்கு முகம் சிவந்தது.

“சுவிட்சப் போடு கன்னையா. நாளைக்குக் கண்டெய்னருய்யா.”

“இந்த ரீல் முடியற வரைக்கும் போட மாட்டனுங்க. உங்களுக்குக் கண்டெய்னருங்க, எனக்கு என்ர பேருங்க.”

சிவராஜ் கையை ஓங்காத குறை. கன்னையன் கையை எடுக்கவில்லை. பத்து நிமிஷம் அப்படியே நின்றார்கள். பிரதீப் மேலேயிருந்து இறங்கி வந்தார். மீட்டர் அசையவில்லை, விளக்கு பச்சையாகவே இருக்கிறது என்றார். பெட்டியில் கோளாறில்லை, ஆபரேட்டரிடமும் இல்லை, லைனைப் பிரித்தால் போதும் என்று சொல்லிவிட்டுக் கடிதத்தை அவரே கிழித்தார்.

சிவராஜ் தொண்டையைச் செருமினார். சரி விடு, கையெழுத்தும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், மேலே போய் வேலையைப் பார் என்றார். அவரைப் பொறுத்தவரை விஷயம் முடிந்தது.

“ரீல் முடிய இன்னும் ஆறு நிமிசம் இருக்குதுங்க,” என்றார் கன்னையன். “கவுண்டர்ல ஒட்டுன நோட்டீசை அதுக்குள்ள எடுத்துருங்க. எடுத்ததப் பார்த்துட்டுத்தான் மேல போவனுங்க.”

ஆளை அனுப்பி எடுக்கச் சொல்கிறேன் என்றார் சிவராஜ். இல்லீங்க, ஒட்டச் சொன்னது நீங்கதானுங்க என்றார் கன்னையன். ஆறு நிமிஷத்தில் ஆபரேட்டர் மேலே இல்லையென்றால் திரை வெள்ளையாகிவிடும். ஆயிரம் பேர் நாற்காலியை உடைப்பார்கள். சிவராஜ் அதைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுக் கவுண்டருக்கு நடந்தார்.

அடுத்த ஆட்டத்துக்கு அப்போதே வரிசை நின்றது. அத்தனை பேரும் பார்க்க முதலாளி நகத்தால் சுரண்டினார். மைதாப் பசை லேசில் விடுமா? ‘நிர்வாகம்’ முதலில் கிழிந்து வந்தது. ‘ஆபரேட்டரின்’ மட்டும் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றது. கன்னையன் இடுப்பில் செருகியிருந்த பனியன் வேஸ்ட்டை உருவி, குழாயில் நனைத்துப் பிழிந்து நீட்டினார்.

“இதுல தொடைங்க. சுவத்துல பஞ்சு ஒட்டுனா ஒண்ணும் ஆகாதுங்க.”

சிவராஜ் வாங்கித் துடைத்தார். கடைசி எழுத்து போகிற வரைக்கும் கன்னையன் பக்கத்திலேயே நின்றார். பிறகு இரண்டிரண்டு படியாக ஏறி, ரீல் முடிவதற்குள் புரொஜக்டரைப் பிடித்துவிட்டார்.