பனி கொட்டும் யார்டில் ரோசம்மாள்

கும்மிடிப்பூண்டியில் எங்கேயாவது பனி கொட்டுமா? ரோசம்மாள் கண்ணுக்கு முன்னால் கொட்டிக்கொண்டிருந்தது. சுவர் அகலத்துக்கு ஒரு திரை, அதில் வெள்ளை வெளேரென்று ஏதோ வெளிநாட்டு ரயில் யார்டு. வெளியே சிமெண்ட் குடோனின் தகரக் கூரை வெயிலில் காய்ந்து தள்ளுகிறது. உள்ளே ஏசி ரூமில் உட்கார்ந்து இந்தக் கண்றாவியைப் பார்த்துக்கொண்டு பொய் என்ஜின் ஓட்ட வேண்டுமாம்!

"இது எந்த ஊரு எழவு தம்பி?" என்று முதல் நாளே வாய்விட்டுக் கேட்டுவிட்டாள்.

"எந்த ஊரா இருந்தா இன்னாக்கா? தண்டவாளம் தண்டவாளம்தான்," என்றான் விமல். ஓட்டக் கற்றுக்கொடுக்க கம்பெனி வைத்திருக்கிற இஞ்சினியர், பொதட்டூர்பேட்டைக்காரன். எத்தனை தடவை தப்பு செய்தாலும் குரலை உயர்த்த மாட்டான். அந்தப் பொறுமைதான் அவளுக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

ரோசம்மாள் வெளியே இருக்கிற நிஜ யார்டில் கொடி பிடித்தவள். சிமெண்ட் ஏற்றி வருகிற வேகன்களைக் கம்பெனியின் சொந்த என்ஜின் குடோன் வரைக்கும் இழுத்து வந்து நிறுத்தும். மூட்டை இறக்கினதும் காலி வேகன்களை வெளியே கொண்டுபோகும். அது நகருமுன் பச்சைக் கொடி காட்ட வேண்டும். கொடியெல்லாம் பேருக்குத்தான், நிஜ வேலை வேறே. மூட்டை தூக்குகிறவர்கள் மத்தியானச் சோறு தின்றதும் போய்ப் படுப்பது வேகனுக்கு அடியில். அந்தப் பொட்டல் வெளியில் அதை விட்டால் நிழல் ஏது? ஆகவே ரோசம்மாள் மூங்கில் கழியோடு கடைசிப் பெட்டி வரைக்கும் நடந்து, ஒவ்வொன்றையும் டங்கு டங்கென்று தட்டி, "எந்திரிங்கடா, வண்டி நவுருது!" என்று கத்துவாள்.

எல்லாரும் எழுந்துவிடுவார்கள், இம்மானுவேலைத் தவிர. அவள் தெருக்காரன், மூன்று பெண்பிள்ளைகளுக்கு அப்பன். காதோடு துண்டைக் கட்டிக்கொண்டு படுத்தானென்றால் பொணம்தான். இடுப்பில் கழியால் இரண்டு குத்து குத்தினால்தான் அசைவான்.

"பிசாசே, தூங்க உடமாட்டியா?"

"உம் பொண்டாட்டி தாலியறுக்கக் கூடாதுன்னுதான்டா எழுப்புறேன், எந்திரி!"

இந்தக் கச்சேரி தினம் நடக்கும்.

இப்போது கொடிக்கு ஆள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கேமரா மாட்டியாயிற்று, சைரன் மாட்டியாயிற்று, மாசக் கடைசியோடு அவள் வேலை காலி. வேண்டுமானால் என்ஜின் ஓட்டக் கற்றுக்கொள்ளலாம். திரையில் பாஸானால் என்ஜினில் உட்காரலாம், ஃபெயிலானால் ஊட்டுக்குப் போக வேண்டியதுதான். ஊட்டுக்கு எப்படிப் போவது? புருஷன் அந்தோணி முதுகுத்தண்டு விலகிப் படுத்துக் கிடக்கிறான். மகள் ஹெலன் நர்சிங் படிப்பில் பாதியில் நிற்கிறாள். இந்தப் பனி யார்டை ஜெயித்தே தீர வேண்டும்.

ஆனால் அது லேசில் மசிகிற ஜாதியா! முதல் வாரம் அவள் தொட்டதெல்லாம் விளங்காமல் போயிற்று. பாதை மாற்ற மறந்து முட்டுச் சந்தில் போய் நின்றாள். வேகனோடு என்ஜினைக் கோர்க்கச் சொன்னால் டமாரென்று இடித்து வைத்தாள். பிரேக் போட்டால் வண்டி நிற்காமல் அதுபாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது.

"நில்லுடா சனியனே!" என்று திரையைப் பார்த்துக் கத்தினாள்.

"அக்கா, பின்னால அத்தனை பாரம் கீது. பெட்டிங்களோட பிரேக் புடிக்க நேரம் ஆவும், முன்னாடியே போட ஆரம்பிக்கணும். அவசரம்னா என்ஜின் பிரேக்கையும் சேத்துப் புடிங்க. கை தானா போவணும்."

போட்டாள். மறுபடி மறுபடி போட்டாள். நாஷ்டா தின்னும்போதுகூடக் கை காற்றில் பிரேக்கைத் தேடியது. சும்மா சொல்லக் கூடாது, கோர்ப்பதும் நிறுத்துவதும் பழகிவிட்டது. விமலே, "சூப்பர்க்கா!" என்றான். என்ன சூப்பர்? அப்போதும் ஃபெயில்தான்.

ஹார்ன் அடித்ததும் கிளம்பாமல் அவள் காத்துக்கொண்டிருந்ததுதான் காரணம். திரை மூலையில் நேரம் சிவப்பாக ஓடும். அவள் லிவரைத் தொடவே மாட்டாள்.

"ஹார்ன் அடிச்சாச்சே, இன்னும் இன்னாத்துக்கு குந்திக்கினு கீறீங்க?"

"எந்திரிச்சி வெளியே வர வேணாமா?"

"யாரு?"

"அடியில படுத்துக்கினு கீறவங்க."

விமல் திரையைப் பார்த்தான், பனியைப் பார்த்தான். முதல் தடவையாகத் தலையில் கை வைத்தான். "இந்தப் பனியில எவன்க்கா வண்டிக்கு அடியில வந்து படுப்பான்? இதுல ஆளே கெடையாது. ஹார்ன் அடிங்க, லிவரைத் தள்ளுங்க. இந்த ஒண்ணாலதான் போவுது உங்க வேலை!"

அவன் சொன்னது அவளுக்கும் புரியாமல் இல்லை. கைக்குத்தான் புரியவில்லை. கோபம் கோபமாக வந்தது, அழுகையும் வந்தது. அன்றைக்கு வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே, "ஹார்ன், லிவர். ஹார்ன், லிவர்," என்று முணுமுணுத்தாள். "இன்னாடி, கிறுக்குப் புடிச்சிகிச்சா?" என்றான் அந்தோணி. "ஆமா, உங்களுக்குச் சோறு போட கிறுக்குதான் புடிக்கணும்," என்று எரிந்து விழுந்தாள்.

பரீட்சை நாளில் ஹார்ன் அடித்த கையோடு லிவரைத் தள்ளினாள். திரை முழுக்கப் பச்சை. பாஸ்! விமல் கைதட்டினான். குடோன் பூராவுக்கும் கேக் வந்தது. இம்மானுவேல் இரண்டு துண்டு தின்றுவிட்டு, "அப்பாடா, இனிமே நிம்மதியாத் தூங்கலாம்," என்றான். எல்லாரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள்.

நிஜ என்ஜினில் முதல் நாள். பக்கத்தில் விமல். மத்தியானம் காலி வேகன்களை வெளியே கொண்டுபோகச் சொல்லி வாக்கி டாக்கியில் உத்தரவு வந்தது. கேமராவில் பாதை காலி. சைரன் கத்தி ஓய்ந்தது. ஹார்ன் அடித்தாள், கை தானாக லிவரைத் தள்ளியது. வேகன்கள் ஒவ்வொன்றாய்க் கடகடவென்று இழுபட்டன.

"ஐயோ, நிறுத்து! இம்மானு உள்ள படுத்துக்கினு கீறான்!" குடோனுக்கு டீ கொண்டுவருகிற மேரி கேனைக் கீழே போட்டுவிட்டு அலறினாள்.

ரோசம்மாள் கை தானாகப் போயிற்று. இரண்டு பிரேக்கும் ஒன்றாக. வண்டி குலுங்கி நின்றது.

எப்படி இறங்கினாள், எப்படி ஓடினாள், அவளுக்கே தெரியாது. மூன்றாவது வேகனுக்கு அடியில் இம்மானுவேல். காதில் துண்டு. ஒரு கால் தண்டவாளத்தின் மேல் நீண்டிருந்தது, சக்கரம் அதற்கு ஒரு சாண் தள்ளி நின்றது. படுபாவி இன்னும் தூங்கிக்கொண்டிருந்தான்! கையில் கழி இல்லை. செருப்பைக் கழற்றி அடித்தாள், வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லி அடித்தாள்.

"பிசாசே, தூங்க உட..." என்று எழுந்தவன் சக்கரத்தைப் பார்த்தான். காலை இழுத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். வெகுநேரம் விடவில்லை.

"யாருக்கா ஓட்டுனது?"

"நான்தான்டா. நானேதான்டா பாவி!" என்று அவள் தண்டவாளத்திலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

விமல் பின்னாலேயே ஓடி வந்து நின்றான். அவன் இடுப்பில் வாக்கி டாக்கி கத்திக்கொண்டிருந்தது. "இன்னா ஆச்சு? ஏன் லேட்டு? ரோசம்மா, ஏன் லேட்டு?"

அவள் மூக்கைச் சிந்திவிட்டு அதைப் பிடுங்கினாள்.

"லேட்டாவும். நாளைக்கும் லேட்டாவும்," என்றாள். பிறகு விமலைப் பார்த்து, "குடோன் மூலையில என் கழி கீது, எடுத்தாந்து குடு தம்பி," என்றாள்.

விமல் ஓடினான். வரும்போது இரண்டு கழி கொண்டுவந்தான்.