கதவைத் தட்டிச் சொன்னவர்

ஆழ்வார்பேட்டையில் பல் மருத்துவர் வாசலில் ஆட்டோவை விட்டு இறங்கும்போது கைபேசி ஒலித்தது. எங்கள் பழைய பள்ளி ஆசிரியர்களின் வாட்ஸப் குழுவில் ஒரே வரி: பிலோமினா மிஸ் காலமானார், மாரடைப்பு. கீழே வரிசையாகக் கூப்பிய கைகள். ஒருவர், 'பாவம், அந்தத் தம்பியால் எவ்வளவு அவமானம்' என்று எழுதியிருந்தார். சுருக்கென்று பதில் எழுத விரல் துறுதுறுத்தது. ஆனால் அந்தத் தம்பி சிறையிலிருந்து வந்தபிறகு பிலோமினாவின் வீட்டுப் பக்கம் எங்களில் எத்தனை பேர் எட்டிப் பார்த்தோம்? வெட்கமாக இருந்தது. பல்லைப் பார்க்காமலே வீடு திரும்பினேன்.

கூட வேலை பார்த்தவர்களுக்கு விஷயம் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பிலோமினா கணக்கு டீச்சர், நான் தமிழ். அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு அடுக்ககத்தில் தம்பி சேவியரோடு இருந்தார். சேவியர் வீட்டிலேயே டியூஷன் எடுத்தார். படிக்க வந்த ஒரு சிறுமியைச் சீரழித்தார். அவளுடைய அம்மா வந்து வாசலில் நின்று அழுதபோது பிலோமினா தம்பியிடம் ஒரு விளக்கமும் கேட்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு அந்த அம்மாவோடு காவல் நிலையத்துக்குப் போனார். சேவியரின் ரத்தத்தை எடுத்தார்கள். டி.என்.ஏ. பொருந்தியது. தண்டனையும் கிடைத்தது.

"உங்க குடும்பப் பேரு என்ன ஆகும்னு யோசிச்சீங்களா மிஸ்?" என்று தலைமையாசிரியை கேட்டார்.

"அதைக் கெடுத்தது அந்தப் பொண்ணு இல்லையே மேடம்" என்றார் பிலோமினா.

தண்டனை முடிந்து சேவியர் வந்த வாரமே அடுக்ககத்து லிஃப்டில் அவர் புகைப்படத்தை யாரோ ஒட்டினார்கள், 'ஜாக்கிரதை' என்று கொட்டை எழுத்தில். பிலோமினா அதைக் கிழித்துப் போட்டார். தம்பிக்குப் பரிந்து வருகிறார் என்று குடியிருப்போர் சங்கத்துக்காரர்கள் சத்தம் போட்டார்கள். அவர் என்னிடம் சொன்னது வேறு: "வசந்தா, அந்தப் பொண்ணு இன்னும் இதே தெருவுலதான் ஸ்கூலுக்குப் போறா. இவன் மூஞ்சியப் பார்த்தா, யார்கிட்ட செஞ்சான்னுதான் அடுத்து கேப்பாங்க."

எனக்கு அன்றைக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. போகட்டும், விஷயம் அமுங்கட்டும் என்று. பாலியல் குற்றவாளிகளுக்கென்று அரசாங்கமே ஒரு பதிவேடு வைத்திருக்கிறதே, அது போதாதா, இனி நீங்கள் வாயைத் திறக்க வேண்டாம் என்று புத்தி சொன்னேன். புத்தி சொல்வதில் நமக்கென்ன குறைச்சல்.

"அது போலீஸ் பார்க்கறதுக்கு. கீழ் வீட்டுக்காரங்க பார்க்க முடியாது" என்றார். "அவன் ரத்தமும் கணக்குல இருக்கு. இன்னொரு தடவை செஞ்சா, இவன்தான்னு கண்டுபிடிச்சுடுவாங்க. செய்யறதுக்கு முன்னால யாரு சொல்றது?"

யார் சொல்வது என்பதை வடபழனியில் காட்டினார். அடுக்ககத்தைக் காலி செய்துவிட்டு அங்கே வாடகைக்கு வீடு பிடித்திருந்தார். துணைக்கு என்னைக் கூப்பிட்டார். புது வீட்டுக்குப் போனால் அக்கம்பக்கத்தில் இனிப்பு கொடுப்போம் இல்லையா, வழியில் ஒரு கடையைக் காட்டி வாங்கலாமா என்றேன். "கையில ஸ்வீட்டைக் குடுத்துட்டு இதைச் சொல்லக் கூடாது" என்று வேகமாக நடந்தார். சேவியர் பின்னால் வந்தார். பிலோமினா ஒவ்வொரு கதவாகத் தட்டினார். தான் இன்னார், இவன் என் தம்பி, ஒரு குழந்தையை நாசம் பண்ணி ஜெயிலுக்குப் போய் வந்தவன், உங்கள் பிள்ளைகளை எங்கள் வீட்டுக்குத் தனியாக அனுப்பாதீர்கள். அவ்வளவுதான் பேச்சு. எந்தக் குழந்தை, எந்தத் தெரு என்று எவர் கேட்டும் வாயைத் திறக்கவில்லை. சேவியர் குனிந்தபோது, "தலையை நிமித்து. அவங்க உன் மூஞ்சியப் பார்க்கணும்" என்றார். எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. குற்றம் செய்தவருக்கே அந்த அளவு வெட்கம் இருந்ததா என்று தெரியாது.

ஒரு வீட்டில் கதவைப் படாரென்று சாத்தினார்கள். கீழ் வீட்டில் சினிமாவுக்கு உடை தைக்கும் லட்சுமி என்ற பெண். கத்தரிக்கோலைக் கையில் பிடித்தபடியே கேட்டாள்.

"இன்னா மிஸ் இது, என் பொண்ணு ரெண்டாவது படிக்கிது. இங்க வந்து குடியேறப் போறேன்றீங்க?"

"வேணாம்னா சொல்லுங்கம்மா, வேற எடம் பார்த்துக்கறேன்."

லட்சுமி சேவியரை மேலும் கீழும் பார்த்தாள். "எங்க போனாலும் அங்கயும் கொயந்தைங்க கீதே. சொல்லாம வர்றவனுக்கு நீங்க மேலு. இந்தாளு மொட்டைமாடிக்குப் போறதுன்னா என்னாண்ட கேட்டுட்டுப் போவட்டும்" என்றாள். அப்படியே நடந்தது. சேவியர் இன்றுவரை கேட்டுவிட்டுத்தான் மாடிக்குப் போகிறாராம்.

அன்று மாலை பஸ் டெப்போவில் நின்றபோது எனக்குக் கோபம்தான் வந்தது. பிலோமினா மீது. ஏனென்றால் மயிலாப்பூரில் எங்கள் வீட்டிலும் ஒருவர் உண்டு. அப்பாவின் தம்பி. வீட்டுக் குழந்தை ஒன்றிடமே கை வைத்தவர். பெரியவர்கள் எல்லோருக்கும் தெரியும். "ஆத்து விஷயம் ஆத்தோட இருக்கட்டும், வெளில சொல்லிண்டு திரியாதே" என்று அம்மா வாயைப் பொத்தினாள். போலீஸ் இல்லை, ரத்தப் பரிசோதனை இல்லை, எந்தப் பதிவேட்டிலும் அவர் பெயர் இல்லை. கச்சேரி சீசனில் முதல் வரிசையில் உட்கார்ந்து தாளம் போடுவார். அவர் காலில் விழுந்து ஆசீர்வாதம் வாங்குகிறோம். இதையெல்லாம் பிலோமினாவிடம் நான் சொன்னதே இல்லை. அவர் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல எனக்கு வெட்கம்.

கல்லறைத் தோட்டத்தில் கூட்டம் அதிகமில்லை. சேவியர் பெட்டிக்குப் பக்கத்தில் தனியாக நின்றார். லட்சுமி மகளோடு வந்திருந்தாள். மகளைத் தன் முதுகுக்குப் பின்னால் நிறுத்திக்கொண்டுதான் சேவியரிடம் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். கோபமும் இல்லை, குழைவும் இல்லை. மண் போட்டு முடித்துத் திரும்பும்போது என்னிடம், "மிஸ் பூட்டாங்க. இனிமே யாரு சொல்லுவாங்க, அக்கா?" என்றாள். சேவியரைப் பற்றித்தான் கேட்டாள். எனக்கு எங்கள் சித்தப்பா நினைவுக்கு வந்தார்.

மறுநாள் காலை மயிலாப்பூருக்கு, அண்ணன் வீட்டுக்குப் போனேன். அண்ணனின் மருமகள் அனு காப்பி கலந்துகொண்டிருந்தாள். அவளுடைய ஆறு வயதுப் பெண்ணுக்கு எங்கள் சித்தப்பாதான் தினமும் மாடியில் வைத்து சுலோகம் சொல்லிக்கொடுக்கிறாராம். தள்ளாத கிழவருக்கு அதில் ஒரு சந்தோஷம் என்று சிரித்தாள்.

பிலோமினாவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்றே ஒன்று. இனிப்பில்லாத வெறும் கையோடு நின்று, சுற்றி வளைக்காமல் சொல்வது. "அனு, குழந்தையை அவரோட தனியா விடாதே. அவர் ஒரு குழந்தைகிட்ட தப்பா நடந்துண்டவர்" என்றேன்.

டம்ளரை வைத்துவிட்டு அவள் மாடிப்படிக்கு ஓடினாள். குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்து, மூச்சு வாங்க என் எதிரில் நின்றாள்.

"உங்களுக்கு யார் சொன்னா அத்தை?"

தலையை நிமிர்த்திக்கொண்டேன்.

"யாரும் சொல்லலை. அந்தக் குழந்தை நான்தான்."