பல்கலைக்கழகத்தின் பின்கேட்

நீங்கள் நம்பப் போவதில்லை என்று தெரிந்தேதான் சொல்கிறேன். இதே கதையை வேறு யாராவது வந்து சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன். கொடைக்கானல் பஜாரில் பிறந்து வளர்ந்தவன் நான். இங்கே மேகம் இறங்கிவிட்டால் மரம் ஆள் மாதிரித் தெரியும், ஆள் மரம் மாதிரித் தெரியும், சீசனுக்கு வந்தவர்கள் எதையோ பார்த்துவிட்டுப் பேய் என்று ஓடி வந்தால் ஒரு டீ வாங்கிக் கொடுத்து, அது காட்டுமாடு சார் என்று சொல்லி அனுப்புவேன். வீட்டில் யாராவது ஜின், சைத்தான் என்று பேச்செடுத்தால் எழுந்து கடைக்குப் போய்விடுகிற ரகம்.

நாயுடுபுரத்தில் எனக்கு ஜெராக்ஸ் கடை. கூடவே ஒரு நாளிதழுக்குப் பகுதி நேர நிருபர். மலையில் இருக்கிற அந்தத் தனியார் பல்கலைக்கழகம்தான், பெயர் வேண்டாம், என் செய்திகளில் முக்கால்வாசி. அங்கே காட்டுமாடு ஹாஸ்டல் மெஸ்ஸுக்குள் புகுந்தால் செய்தி, தண்ணீர் வரவில்லை என்று மாணவிகள் பக்கெட்டோடு உட்கார்ந்தால் செய்தி, வெளிநாட்டிலிருந்து ஒரு பேராசிரியர் வந்து மரக்கன்று நட்டால் அதுவும் செய்தி. நடப்பட்ட கன்றுகள் எல்லாம் பிழைத்திருந்தால் இந்நேரம் வளாகமே சோலைக்காடாகியிருக்கும்.

வளாகத்துக்குக் கீழே சரிவில் ஒரு சின்ன ஊர். கேரட்டும் மலைப்பூண்டும் போட்டுப் பிழைக்கிறவர்கள். அவர்கள் ரோட்டுக்கு ஏறி வருகிற பாதை வளாகத்தின் நடுவே போனது. காட்டுமாடு வருகிறது என்று சொல்லிச் சுற்றிலும் மதில் கட்டினார்கள், பாதை வருகிற இடத்தில் மட்டும் ஒரு இரும்புக் கேட் வைத்தார்கள். பின்கேட் என்று பெயர். கேட்டால் திறந்து விடுவார்கள், பாதகமில்லை என்று ஊர்க்காரர்களும் இருந்துவிட்டார்கள்.

பட்டமளிப்பு விழா நாளன்று பெரிய மனிதர் ஒருவர் வருகிறார் என்று பின்கேட்டைப் பூட்டிச் சாவியை ஆபீஸில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். அன்றைக்கு என்று பார்த்துக் கீழே ரேவதி என்ற பெண்ணுக்குப் பிரசவ வலி. டோலி கட்டித் தூக்கி வந்தார்கள், கேட் திறக்கவில்லை, திரும்ப இறங்கிக் காட்டைச் சுற்றிக்கொண்டு ரோட்டுக்குப் போகும் வழியிலேயே தாயும் போனாள், பிள்ளையும் போனது. அந்த நேரத்தில் நான் அரங்கில் முதல் வரிசைக்கு முன்னால் மண்டி போட்டுத் தங்கப்பதக்கங்களைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் விஷயம் தெரிந்து, கேட் பூட்டியிருந்ததைச் சேர்த்துத்தான் எழுதி அனுப்பினேன். மறுநாள் பேப்பரில் பட்டமளிப்பு விழா அரைப் பக்கம், அங்கியும் தொப்பியுமாக. உள்பக்கத்தில் நான்கு வரி, 'கர்ப்பிணி சாவு'. கேட்டையே காணோம். போன் போட்டுக் கேட்டதற்கு, "பாய், அவங்க நமக்கு விளம்பரம் தர்றவங்க, புரிஞ்சுக்கங்க," என்றார் சப்-எடிட்டர். புரிந்துகொண்டேன்.

இனிமேல்தான் விஷயமே. சில மாதம் கழித்து, மழைக்காலம் முடிகிற சமயம், வளாகத்தில் ஒரு கருத்தரங்கம், 'மலைவாழ் மக்களின் சுகாதாரம்' என்று தலைப்பு, சத்தியமாக அதுதான் தலைப்பு. மதியச் சாப்பாடு வரை இருந்து கேட்டேன், இன்றைக்காவது கீழே போய் அந்தப் பெண்ணின் புருஷனைப் பார்த்துவிடுவோம், வேறு எந்தப் பத்திரிகையிலாவது போட வைப்போம் என்று கிளம்பினேன். அதுவரை அந்தக் குடும்பத்தில் ஒருவர் முகத்தையும் நான் பார்த்ததில்லை. விவரம் எல்லாம் போனில் கேட்டு எழுதியதுதான். பின்கேட்டில் புதிதாக ஒரு வாட்ச்மேன், பெரியகுளத்துக்காரர், சிரித்துக்கொண்டே திறந்து விட்டார்.

கொஞ்ச தூரம் இறங்கியிருப்பேன், மேகம் வந்து மூடிவிட்டது. பட்டப்பகல்தான், ஆனால் கையை நீட்டினால் விரல் தெரியாது. ஓரமாக நின்றேன். கீழேயிருந்து ஆள் மூச்சு வாங்குகிற சத்தம், கல் உருள்கிற சத்தம். ஒரு கம்பு, அதில் கட்டின கம்பளித் தொட்டில், முன்னால் ஒருவன், பின்னால் ஒரு பெரியவர், பக்கத்தில் இன்னொருவன் நொண்டிக்கொண்டு.

"அண்ணே, ஒரு தோள் குடுங்கண்ணே," என்றான் முன்னால் வந்தவன். "தம்பிக்குக் காலு பெசகிருச்சு, மாமாவுக்கு ஏலல."

நான் யோசிக்கவே இல்லை. இன்னொரு பெண்ணா, அதே ஊரிலா என்று மட்டும் தோன்றியது. இந்தத் தடவை விடக்கூடாது என்று பெரியவரிடமிருந்து கம்பை வாங்கித் தோளில் வைத்தேன். என்ன பாரம்! ஒரு உயிருள்ள மனுஷியின் பாரம் அது. கம்பளிக்குள்ளிருந்து ஒரு கை வந்து கம்பைப் பிடித்திருந்தது, கை நிறைய வளைகாப்பு வளையல், என் காதுக்குப் பக்கத்தில் சலசலத்துக்கொண்டே வந்தது. "வெரசாப் போவோம்ணே," என்று ஒரே ஒரு தடவை அவள் சொன்னாள். நான், "இந்தா வந்துருச்சும்மா," என்றேன்.

மதில் நிழலாகத் தெரிந்ததும் பெரியவரைக் கூப்பிட்டுக் கம்பைக் கொடுத்தேன். "இங்கேயே இருங்க, நான் போய்த் தெறக்கச் சொல்றேன், எங்கேயும் போயிராதீங்க," என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

"கேட்டத் தெறங்க, பேசண்டு வருது!"

வாட்ச்மேன் யாரையும் கேட்கவில்லை. தாழ்ப்பாளை இழுத்து இரண்டு கதவையும் அகலத் திறந்துவிட்டார். அவ்வளவுதான் வேலை. ஒரு தாழ்ப்பாளை இழுக்கிற வேலை. நான் திரும்பிக் கீழே பார்த்து, "வாங்க, வாங்க," என்று கத்தினேன். யாரும் வரவில்லை.

"எங்க பாய், ஆளக் காணோம்?" என்றார் அவர்.

இரண்டு பேரும் டார்ச் அடித்துக்கொண்டு இறங்கிப் பார்த்தோம். நான் அவர்களை நிற்கச் சொன்ன இடத்தில் ஒருவரும் இல்லை. எனக்குத் தோள்பட்டை விண்விண் என்று வலித்துக்கொண்டிருந்தது. திரும்பிவிட்டார்களோ, அந்தப் பெண்ணுக்கு என்ன ஆனதோ என்று பதறிப்போய் நான் மட்டும் ஊர் வரைக்கும் ஓடினேன். என் கடைக்கு வந்து பழக்கமான முதல் வீட்டு அம்மாவிடம் டோலி எந்தப் பக்கம் போனது என்று கேட்டதற்கு, "டோலியா? இன்னைக்கு யாரும் போகலையே பாய். நீங்க பாண்டியப் பார்க்க வந்தீகளா? ரேவதி வீட்டுக்காரரு அந்தா இருக்காரு," என்று கையைக் காட்டினார்.

வாசலில் உட்கார்ந்து பூண்டுக்கு வேர் கிள்ளிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தான். முன்னால் கம்பைத் தூக்கி வந்த அதே ஆள்.

அவன் என்னைப் புது ஆளாகத்தான் பார்த்தான். பேப்பர்க்காரர் என்று அந்த அம்மா சொன்னதும் எழுந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான், நான் கேட்காமலேயே அன்றைக்கு நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தான்.

"நாங்க மூணே பேருதான் பாய். பாதியில தம்பிக்குக் காலு பெசகிருச்சு. ஒரே மிஸ்ட்டு. எதுத்தாப்புல ஒருத்தரு வந்தாரு. தோள் குடுங்கன்னு கேட்டேன், ஒரு வார்த்த பேசாம வாங்கிக்கிட்டாரு. மொகம் சரியாத் தெரியல. கழுத்துல நாடா போட்டு ஒரு அட்ட தொங்குச்சு. சரி, காலேஜு ஆளுதான்னு நெனச்சோம். கேட்டுப் பக்கம் வந்ததும், நான் போய்த் தெறக்கச் சொல்றேன், எங்கேயும் போயிராதீங்கன்னு சொல்லிட்டு ஓடுனாரு. போனவரு வரவே இல்ல."

கருத்தரங்கத்தில் மாட்டிவிட்ட அட்டை என் ஸ்வெட்டருக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது. அவன் கண் அதில் படுவதற்குள் உள்ளே தள்ளினேன்.

"அவரு சொல்லலேன்னா பூட்டப் பார்த்த ஒடனே சுத்துப் பாதையில போயிருப்போம். பெரிய எடத்து ஆளு சொல்றாரேன்னு நம்பி நின்னோம். கத்திக் கத்திப் பார்த்தோம். உள்ள மைக்குச் சத்தம்தான் கேக்குது. ரேவதி மட்டும் கேட்டுக்கிட்டே இருந்தா பாய். அந்தண்ணன் வந்துட்டாரா, அந்தண்ணன் வந்துட்டாரான்னு."

நாலாவதாக ஒரு ஆள் வந்தார் என்று எனக்கு அதற்கு முன்னால் யாரும் சொன்னதில்லை. பேப்பரிலும் வரவில்லை, போலீஸ் கேஸிலும் இல்லை. நான் அந்த நேரத்தில் அரங்கத்துக்குள் இருந்ததற்கு என் கேமராவே சாட்சி. மனசு கண்டதையும் கோத்துக் காட்டும் என்று டாக்டர் நண்பர் ஒருவர் சொன்னார். இருக்கலாம். அப்படியானால் பாண்டியின் மனசு எதைக் கோத்தது என்று கேட்டேன்.

பின்கேட் இப்போது இல்லை. அந்த இடத்தையும் கல் வைத்து அடைத்துவிட்டார்கள், அதுவும் ஒரு செய்தியாக வந்தது, 'வனவிலங்குகளிடமிருந்து மாணவிகளுக்குப் பாதுகாப்பு' என்று.

அன்றைக்கு நான் கிளம்பும்போது பாண்டி என் கையைப் பிடித்துக்கொண்டான். "ஒங்களுக்கு அங்க எல்லாரையும் தெரியும்ல பாய். அது யாருன்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க. சண்ட போட இல்ல. ஏன் வரலேன்னு தெரிஞ்சாப் போதும்."

கேட்டுச் சொல்கிறேன் என்றேன். சந்தை நாளில் பூண்டு மூட்டையோடு பஜாருக்குப் போகும்போதெல்லாம் என் கடை வாசலில் ஒரு நிமிஷம் நிற்பான். உள்ளே கூப்பிட்டாலும் வரமாட்டான்.

"தெரிஞ்சுதா பாய்?" என்பான்.

"இன்னும் இல்ல பாண்டி," என்பேன்.