பாய்மரப் படகுக்கு ஒரு ஹீட்டர்

தொண்ணூறுகளில் ஒரு ஒக்ரோபர் சனிக்கிழமை. ஒன்ராறியோ ஏரியில் நின்ற எங்கள் பழைய பாய்மரப் படகுக்கு ஹீட்டர் வாங்க, கணவரோடு கடைக்குப் போயிருந்தேன். ஒன்பது மாத மகள் என் தோளில் உறங்கினாள்.

கணவர் ஒரு சிறிய மண்ணெண்ணெய் ஹீட்டரைத் தூக்கிப் பார்த்தார். "உது காணும். போன கிழமை இரவல் வாங்கினதும் உது மாதிரித்தானே."

அதற்குப் புகைபோக்கி இல்லை, படகின் காற்றுத் துவாரங்களை மூடினால் மணமில்லாத நச்சுக்காற்று உள்ளே சேரும் என்றார் கடைக்காரர். போன கிழமை படகில், பிள்ளைக்குச் சளி பிடிக்கும் என்று அந்தத் துவாரங்களில் பழைய சேலைத் துணியை அடைத்தவள் நான். அன்று பின்னேரம் மகளை எழுப்பவே பாடுபட்டோம். நல்ல நித்திரை என்றுதான் நினைத்தேன்.

கணவரிடம் சொன்னேன்.

"அடைச்சனீரோ?"

"குளிர்காத்துப் படுமெண்டு."

அவர் ஹீட்டரைக் கீழே வைத்தார். வெளிக்காற்றை எடுத்து, புகையையும் வெளியே விடும் டீசல் ஹீட்டரையே வாங்கினோம். அதுவும் பழுதானால் என்று உடனே யோசித்தேன்.

அஜின்கோர்ட்டில் எங்கள் வீடு வரும்வரை காரில் மகளின் மூக்கடியில் விரலை வைத்திருந்தேன். அவள் சிணுங்கினாள்.

"பிள்ளையை நித்திரை கொள்ள விடுமன்," என்றார் கணவர்.

நான் விரலை எடுக்கவில்லை.